அத்தான் கழுவிய வாய்க்கால்

என் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் துணி துவைக்கிற கல்லில்கூட முகம் பார்க்கலாம். அக்காவின் கைவேலை என்று நினைத்துவிட வேண்டாம். எல்லாம் அத்தான். அக்கா பெருக்கி முடித்த வீட்டை அவர் இன்னொரு தடவை பெருக்குவார். கல்யாணமான புதிதில் அதற்காக அக்கா அழுதிருக்கிறாள். பிறகு அவளுக்கும் அலுத்துப்போய், துடைப்பத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, தான் உண்டு தன் தையல் மெஷின் உண்டு என்று இருந்துவிட்டாள். தெருவில் அவருக்குப் பளிச்சுக்காரர் என்று பெயர். அவர் காதுபடவே சொல்வார்கள். அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் பிழைப்பு. கையில் கிரீஸ் இல்லாத நாள் கிடையாது. அக்கா வீட்டுக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு நுழைந்து பழகியவன். அப்படியும் நான் வெளியேறியதும் அவர் கதவைத் துடைப்பார் என்று பாப்பா சொல்லிச் சிரிப்பாள். பாப்பா என்றால் அவர்களுடைய ஒரே மகள். வளர்ந்து, படித்து, கண்ணாடி போட்டு, எங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிற வயதுக்கு வந்த பிறகும் எங்கள் வாயில் அவள் பாப்பாதான்.

அத்தானுக்கு வேலை நீரேற்று நிலையத்தில். ஊற்றுத் தண்ணீர் அங்கே ஒரு தொட்டியில் வந்து விழும். தேவைப்பட்டது மோட்டாரில் ஏறி ஊருக்குப் போகும். மிச்சத் தண்ணீர் நிலையத்தின் பின்பக்கம் வாய்க்காலாக ஓடி, ஒரு நடைபாலத்துக்கு அடியில் நுழைந்து, வீடுகளின் முதுகை உரசிக்கொண்டு போய்விடும். மோட்டாரைப் போடுவது, நிறுத்துவது, கம்பிச் சல்லடையில் சிக்கிய குப்பையை வாரி எடுப்பது, வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது. இவ்வளவுதான் வேலை. காகிதத்தில் அவர் காவலாளி. ஆனால் அந்த மோட்டார் அறைத் தரையைப் பார்த்தால் ஆஸ்பத்திரி தோற்றுப்போகும். அவருடைய மேலதிகாரியே ஒரு தடவை வாசலில் நின்று, “உள்ள வரலாமா, இல்ல குளிச்சிட்டு வரணுமா?” என்று கேட்டிருக்கிறார். அத்தான் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்த பெண் பூச்சியைப் பற்றிப் படிக்கப் போனாள். தெருவில் அத்தான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

“பொண்ணு என்ன படிக்குது?”

“பூச்சி.”

“பூச்சி மருந்தா?”

“இல்லங்க. பூச்சியேதான்.”

கேட்டவர் மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியாமல் நகர்ந்துவிடுவார். அத்தான் என்னிடம் வந்து, “மாப்ள, டாக்டருக்குப் படிச்சா டாக்டர். இதுக்குப் படிச்சா என்னன்னு சொல்றது?” என்பார். நானே செம்புக் கம்பியைச் சுருட்டிச் சுருட்டி வாழ்கிறவன். எனக்கு என்ன தெரியும்.

அந்தக் கவலை ஒரு விடுமுறையில் தீர்ந்தது. பாப்பா வீட்டுக்கு வந்திருந்தாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனவள் நடைபாலத்தில் அப்படியே நின்றுவிட்டாள். பாலத்துக்குச் சற்று மேலே, கரையில் சாய்ந்த மரத்தடியில், வாய்க்கால் கொஞ்சம் அகன்று நிழலாக ஓடும். அங்கே நீர்ச்செடி ஒன்றின் தண்டில் ஊசித்தட்டான் உட்கார்ந்திருந்தது. ஊசித்தட்டான் எல்லோரும் பார்த்ததுதான். தட்டானுக்குத் தம்பி மாதிரி இருக்கும். தட்டான் உட்காரும்போது இறக்கையை விரித்து வைக்கும், இது முதுகின் மேல் மடக்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அங்கே இருந்தது நாம் பார்க்கிற ரகமில்லை. உடம்பு பழுத்த மிளகாய்ச் சிவப்பு. கழுத்தில் நல்ல நீலம். இறக்கை நுனியில் மட்டும் மையைத் தொட்டு வைத்தாற்போல் கறுப்பு. பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு படமெடுத்து அவளுடைய பேராசிரியைக்கு அனுப்பினாள். சாயங்காலத்துக்குள் பதில் வந்துவிட்டது. இந்தப் பக்கத்திலேயே அதை இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். அவளுடைய ஆராய்ச்சியை இந்த வாய்க்காலிலேயே செய்யலாம் என்று ஆயிற்று.

அத்தானுக்கு உச்சி குளிர்ந்துபோனது. பெண் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். அதுவும் தன் வாய்க்காலுக்காக. பால்காரர் முதல் தபால்காரர் வரை ஒருத்தரையும் விடவில்லை. “வேற எங்கயும் கிடையாதாம். நம்ம வாய்க்கால்ல மட்டும்தான் இருக்காம்” என்று ஏதோ தானே பெற்று வளர்த்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களும், இருக்காதா பின்னே, பளிச்சுக்காரர் பார்த்துக்கிற வாய்க்காலாச்சே என்று ஏற்றிவிட்டார்கள்.

பாப்பா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். “அந்த மரத்தடியில மட்டும் கை வைக்காதீங்கப்பா. செடி, பாசி எதையும் எடுக்க வேணாம்.”

“நீ சொன்னா சரிம்மா” என்றார். கை வைக்கவில்லைதான். ஆனால் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். மற்ற இடமெல்லாம் சீவிச் சிங்காரித்து வைத்திருக்க, அந்த ஒரு துண்டு மட்டும் தலைவிரிகோலமாக இருந்ததில் அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

ஏன் கை வைக்கக் கூடாது என்பதை அவள் சொல்லாமல் இல்லை. சொன்ன அன்று நானும் இருந்தேன். நிலையத்து மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, காற்று வாங்கப் பாலத்தில் வந்து நின்றேன். அத்தானும் பாப்பாவும் நின்றுகொண்டிருந்தார்கள். கீழே தண்டில் இரண்டு ஊசித்தட்டான்கள் ஒன்றையொன்று பிடித்து வளைந்து இருந்தன.

“அப்பா, அங்க பாருங்க. வால் நுனியால பொண்ணோட கழுத்தைப் பிடிச்சிருக்கு பாருங்க, அதுதான் ஆண். இப்ப அந்தப் பொண்ணு உடம்பை வளைச்சு...”

அத்தானின் காது மடல் சிவந்துவிட்டது. பெற்ற பெண் வாயால், அதுவும் மைத்துனனை வைத்துக்கொண்டு, இதையெல்லாம் கேட்க வேண்டுமா என்கிற முகம். “தொட்டி நிரம்பியிருக்கும், மோட்டாரை நிறுத்திட்டு வந்துடறேன்” என்று விறுவிறுவென்று போய்விட்டார். மோட்டார் நாலு துண்டாகத் தரையில் கிடந்தது.

பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். மிச்சத்தை என்னிடம் சொன்னாள். பெண் ஊசித்தட்டான் அப்படியே தண்டைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கி, தண்டைக் குத்தி அதற்குள்ளே முட்டை வைக்குமாம். குஞ்சுகள் தண்ணீருக்கு அடியில் வேரையும் பாசியையும் கல்லையும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் இருக்குமாம். பிறகு ஒருநாள் தண்டில் ஏறி வந்து, தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பறக்குமாம். “நம்ம கண்ணுக்குத் தெரியறது கொஞ்ச நாள் கூத்துதான் மாமா. மத்த வாழ்க்கை எல்லாம் அந்தப் பாசிக்குள்ளதான்” என்றாள். நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். அத்தான் அந்த ஒரு காதிலும் வாங்கவில்லை. பிறகு அவள் எப்போது அந்தப் பேச்சை எடுத்தாலும் “சரிம்மா, சரிம்மா” என்று எழுந்து போய்விடுவார். அவளும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவாள். சிவப்பாகப் பறக்கிறதுதான் பூச்சி, அது காற்றில் இருக்கிறது, செடி அது உட்கார்ந்து போகிற இடம் என்பதாகவே அவர் மனதில் தங்கிவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒருநாள் சாப்பிடும்போது பாப்பா சொன்னாள். “வாய்க்கால்ல என் வேலை முடிஞ்சிருச்சுப்பா. இனி எழுதுறதுதான் பாக்கி.” பேராசிரியையும் இன்னும் இரண்டு பெரிய ஆட்களும் இடத்தைப் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மரத்தடித் துண்டை அந்தப் பூச்சிக்கென்றே ஒதுக்கி வேலி போட்டுவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற வேலையும் பாப்பாவுக்கே கிடைக்கும். வெளியூர் போக வேண்டியதில்லை. அக்கா அன்றே மாடி அறையில் அவளுக்கு மேசை போட எந்த ஜன்னல் தோதுப்படும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

விருந்தாளிகளை அழைத்து வருவதற்காக முந்தின நாளே பாப்பா பட்டணத்துக்குப் போனாள். அன்று மத்தியானம் அத்தான் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்.

அவர் என்ன நினைத்து இறங்கினார் என்பதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். பெண்ணின் வேலைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் என்ன தடை. வருகிறவர்கள் பெரிய மனிதர்கள். தன் பெண்ணை முன்னிட்டு முதல் தடவையாக அந்த இடத்துக்குள் காலெடுத்து வைக்கிறார்கள். பாசியும் வழுக்கலுமாக இருந்தால், பொறுப்பில்லாத காவலாளி என்று நினைப்பார்களே. அந்தப் பெண்ணுடைய அப்பாவா இவர் என்று கேட்பார்களே. அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது.

நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்கினார். கல் ஒவ்வொன்றையும் புரட்டிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். தொட்டி கழுவ வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைத் தூவி ஊறவிட்டு, இன்னொரு தடவை தேய்த்து, வாளி வாளியாக அடித்துக் கழுவினார். பிடுங்கிய செடிகளைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக் கட்டி, சுவரோரம் சீராக அடுக்கினார். பொழுது சாயும்போது வேலை முடிந்தது. அன்று அவர் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார் என்று அக்கா சொல்கிறாள்.

மறுநாள் காலையில் என்னை வரச்சொல்லியிருந்தார். விருந்தாளிகள் வரும்போது மோட்டார் இரைந்து மானத்தை வாங்கக் கூடாதாம். நான் போனபோது இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். வண்டி வந்தது. பாப்பா முன்னால் இறங்கி, “இந்தப் பக்கம் வாங்க மேடம்” என்று படியில் பாதி தூரம் போனவள் அப்படியே நின்றாள்.

வாய்க்கால் மினுமினு என்றிருந்தது. அடியில் கிடந்த கற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. தண்ணீர் கண்ணாடி. ஒரு தண்டில்லை, ஒரு இலையில்லை, சிவப்பாக ஒன்றும் இல்லை.

அத்தான் அவள் திரும்பி என்ன சொல்லப்போகிறாள் என்று முகமெல்லாம் சிரிப்பாகக் காத்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பினாள். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

“யாருப்பா இதைச் செஞ்சது?”

சிரிப்பு அவர் முகத்திலேயே மாட்டிக்கொண்டது. இறக்கவும் தெரியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. வாய் மட்டும் தன்பாட்டுக்குப் பேசியது.

“ஆபீஸ்லேர்ந்து ஆளுங்க வந்தாங்கம்மா. நான் சாப்பிடப் போயிருந்தேன்.”

நானும் அதை நம்பினேன். வாய்க்கால் சுத்தம் செய்ய அவ்வப்போது ஆட்களை அனுப்புகிற ஆபீஸ்தான் அது. பேராசிரியை குனிந்து ஒரு கல்லை எடுத்து, புரட்டிப் பார்த்து, மெதுவாக வைத்தார். பிறகு அத்தானைப் பார்த்து, மிகவும் தணிவாகச் சொன்னார். “நீங்க வருத்தப்படாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்தத் தண்டுக்குள்ளதான் முட்டை இருக்கும். இந்தக் கல்லுக்கு அடியிலதான் குஞ்சுங்க இருக்கும். அது சுத்தம் பண்ண வந்தவங்களுக்கு எப்படித் தெரியும்?”

அத்தானுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. வேற்று மனுஷி ஒருத்தி, ஆறுதல் சொல்கிற சாக்கில் சொல்லித் தெரிந்தது. சுவரோரம் இருந்த கட்டுகளைப் பார்த்தார். பிறகு அந்தப் பக்கமே பார்க்கவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா மாப்ள என்று பிற்பாடு என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது.

வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டு, பாப்பாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். வேலிப் பேச்சு அத்தோடு நின்றது. இல்லாத பூச்சிக்கு யார் வேலி போடுவார்கள்?

பாப்பா அழுகிற ரகமில்லை. அன்றே ஆபீசுக்குப் புகார் கொடுத்தாள். அத்தான் தடுக்கவும் முடியாமல், சொல்லவும் முடியாமல், அவள் முன்னால் வராமல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்து திரிந்தார். அவள் கூடத்தில் இருந்தால் இவர் கொல்லையில். அவள் கொல்லைக்கு வந்தால் இவர் மாடியில். “போகட்டும் விடும்மா, செஞ்சவங்க ஏழைங்க” என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். “ஏழைன்னா எதை வேணாலும் அழிக்கலாமாப்பா?” என்று அவள் கேட்டதும் கொல்லைப் பக்கம் நழுவிவிட்டார். அக்காவுக்கு மட்டும் எல்லாம் தெரியும். பிளீச்சிங் பவுடர் நெடியடித்த அந்தக் கால்சட்டையைத் துவைத்தவள் அவள்தானே. வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சாப்பாடு போட்டாள். அவர் முகத்தைப் பார்த்துப் போடவில்லை.

புகார் சும்மா கிடக்கவில்லை. பேராசிரியையும் மேலே சொல்லியிருப்பார் போல. அத்தானின் மேலதிகாரி எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். பாப்பா துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். அந்த அறையில் மேசைக்கு முன்னால் மேஸ்திரியம்மா நின்றுகொண்டிருந்தாள். வாய்க்கால் சுத்தம் செய்கிற ஆட்களுக்கு அவள்தான் தலைவி. வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அன்று அவள் குரல் அடங்கியிருந்தது. வயிற்றுப் பிழைப்பு. அத்தான் கதவோரம், அவரைப் பார்க்காமலே நுழைந்து போய்விடலாம் போல ஒடுங்கி நின்றார்.

“உங்க ஆளுங்க செஞ்ச வேலைக்கு மேல இருந்து எனக்குப் பாட்டு விழுது” என்றார் மேலதிகாரி. “இனிமே உங்களுக்கு இங்க வேலை இல்லன்னு எழுதிடட்டுமா?”

“நாங்க அந்தப் பக்கமே போகல சார்.”

“காவலாளி சொல்றாரே.”

மேஸ்திரியம்மா திரும்பி அத்தானைப் பார்த்தாள். நான் அவள் கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேலதிகாரியிடம் திரும்பினாள்.

“சார், நான் போய் அந்த இடத்தைப் பாத்துட்டுத்தான் வரேன். கல்லையெல்லாம் புரட்டிப்போட்டு அடிப்பக்கம் தேச்சிருக்கு. பிடுங்கின செடியைக் கயித்தைப் போட்டுக் கட்டி அடுக்கியிருக்கு. எங்க ஆளுங்க வாரி மேல வீசிட்டு வர்றவங்க. நீங்க ரெட்டைக் கூலி குடுத்தாலும் அவ்வளவு சுத்தமா செய்ய மாட்டாங்க. அப்படிச் செய்யறவரு இந்த ஊர்ல...”

“நான்தான் சார்” என்றார் அத்தான்.

“நான்தான் செஞ்சேன். இவங்க யாரும் வரல. விருந்தாளி வர்றாங்களேன்னு... நல்லாருக்கட்டுமேன்னு செஞ்சேன். எனக்குத் தெரியாது சார். சத்தியமா எனக்குத் தெரியாது.” கடைசி வார்த்தையைப் பாப்பாவைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

மேலதிகாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பேனாவை மூடினார், திறந்தார். “வாய்க்காலைக் கழுவினதுக்கு வாய்க்கால் காவலாளி மேல நான் என்னய்யா நடவடிக்கை எடுக்கறது? எந்த ரூல்ல இடம் இருக்கு? போங்க. எல்லாரும் போங்க.” அத்தான் அங்கிருந்து நகராமல் நின்றார். ஏதாவது ஒரு தண்டனை கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்த மனிதர் அவர். சம்பளத்தில் கொஞ்சம் வெட்டியிருந்தாலும் நிமிர்ந்து நடந்திருப்பார். வெளியே மேஸ்திரியம்மா அவர் பக்கத்தில் வந்து, “என்னை மாட்டிவிடணும்னு உங்களுக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு? உங்க தொட்டியடியில உக்காந்து எத்தனை நாள் சோறு சாப்பிட்டிருக்கேன்” என்று மட்டும் கேட்டாள். அதற்கு அவர் கைகூப்பினார். அவள் அதைப் பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு நடந்து வந்தபோது பாப்பா முன்னால் போனாள். அத்தான் பின்னால். நடுவில் நான், இருவரோடும் பேச முடியாமல். கத்திவிட்டால் தேவலை என்று இருந்தது. அவள் கத்தவில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரச் சொன்னாள்.

“நான் நடந்ததை எழுதணும்ப்பா. மறுபடியும் இங்க அது வருமா வராதான்னு பாக்கறவங்களுக்கு இது தெரியணும். எந்த பிரஷ்ஷு?”

“கம்பி பிரஷ்.”

“பவுடர் எவ்வளவு போட்டீங்க?”

“ரெண்டு மக்கு.”

“மரத்தடியில மட்டுமா, மேலயுமா?”

“மரத்தடியில மட்டும்தான். மேல போறதுக்குள்ள பொழுது சாஞ்சிருச்சு.”

“அது நல்லது” என்றாள். பிறகு, “அப்பா, கல்லைப் புரட்டும்போது சின்னதா, பழுப்பா எதுவும் ஊர்ந்துச்சா?”

அத்தான் மேசை விளிம்பை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். “ஊர்ந்துச்சும்மா” என்றார். “நெறைய. புழுன்னு நெனச்சேன்.”

அவள் எழுதுவதை நிறுத்தினாள். பேனாவை வைத்துவிட்டு மாடிக்குப் போனாள். அவளுக்கு மேசை போடுவதற்காக அக்கா ஒழித்து வைத்திருந்த அறைக்கு. ஒரு கேள்வியில்கூட மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை மாப்ள, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார் அத்தான்.

அடுத்த மாதம் பாப்பாவுக்குத் தூரத்து ஊரில் வேறொரு ஆற்றில் வேலை கிடைத்தது. போகும்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். ஊற்றுக் கண் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு மிஞ்சியிருக்கலாம், செடி மறுபடி வளர்ந்தால் அவை கீழே இறங்கி வரலாம், வராமலும் போகலாம் என்றாள். வாரம் தவறாமல் போன் செய்தாள். அம்மாவோடு பேசிவிட்டு, “அப்பா நல்லாருக்காங்களா?” என்று கேட்பாள். அத்தான் பக்கத்திலேயே நிற்பார். “இந்தாங்க பேசுங்க” என்று அக்கா நீட்டினால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். அவளும் அப்பாவிடம் கொடு என்று கேட்டதில்லை.

அதற்கப்புறம் அத்தான் வாய்க்காலில் இறங்கவில்லை. சல்லடைக் குப்பையைக்கூட நீளக் கழியில் வாரியைக் கட்டி மேலேயிருந்தே எடுத்தார். கரையில் புல் மண்டியது. கற்கள் கறுத்து, பச்சையாகி, வழவழத்துப் போயின. பாலத்தில் போகிறவர்கள் சும்மா போவார்களா? “என்ன பளிச்சுக்காரரே, ரிடயர் ஆயிட்டீங்களா?” என்பார்கள். “வயசானா உடம்பு வணங்காதுதான்” என்பார்கள். ஒருத்தரிடமாவது காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டார். அந்தச் சொல்லையெல்லாம் கேட்டுக்கொள்வது தான் செலுத்த வேண்டிய அபராதம் என்று நினைத்தார் போலிருக்கிறது. வீட்டிலும் துடைப்பத்தைத் தொடுவது குறைந்தது. என் கிரீஸ் கை அவர் கதவில் பதிந்து, அப்படியே இருந்தது. அக்காதான் ஒருநாள் அதைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

இது நடந்து இரண்டாவது கோடையில், ஒரு காலைநேரம், என் கடை வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

“மாப்ள, கொஞ்சம் வா.”

“மோட்டார் நின்னுடுச்சா?”

“மோட்டார் கிடக்குது. வா நீ.”

பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். கைப்பிடிக்கு இந்தப் பக்கமே நின்று, விரலை மட்டும் நீட்டினார். மரத்தடியில் புதிதாகத் தழைத்திருந்த தண்டில், இறக்கையை முதுகில் மடக்கிக்கொண்டு, அது உட்கார்ந்திருந்தது. மிளகாய்ச் சிவப்பு.

“ஒண்ணே ஒண்ணுதான். மூணு நாளாப் பாக்கறேன்” என்றார்.

“மூணு நாளாவா? பாப்பாகிட்ட சொன்னீங்களா?”

“நீ சொல்லிடு.”

“நான் எதுக்கு? பாத்தது நீங்க.”

“எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு மாப்ள நான் சொல்றது?”

எனக்கு வந்த எரிச்சலில் நானே எண்ணைப் போட்டு, போனை அவர் காதில் வைத்து அழுத்திவிட்டேன். சத்தத்தையும் கூட்டி வைத்தேன். அவர் பாதியில் வைத்துவிடுவார் என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பக்கம் பாப்பா, “சொல்லுங்க மாமா” என்றாள்.

“மாமா இல்லம்மா. அப்பா.”

“என்னப்பா, அம்மாவுக்கு என்ன?”

“அம்மா நல்லாருக்கா. அது... வந்திருக்கும்மா. மரத்தடியில. ஒண்ணு.”

“எதுப்பா?”

“அதான்மா. சிவப்பு. கழுத்துல நீலம்கூட இருக்கு. நல்லாப் பாத்துட்டேன்.”

“நிஜமாவாப்பா?” என்றாள் பாப்பா. அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. மாடியிலிருந்து ஓடிவந்து ஏதோ காட்டுகிற சின்னப் பெண்ணின் குரல். “நிஜமாவாப்பா? எப்பலேர்ந்து? தண்டு எவ்வளவு உயரம் வந்திருக்கு?”

அத்தானின் முகம் மலர்ந்தது. சரி, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் கைப்பிடியின் மேல் சாய்ந்து, தண்டின் உயரத்தைக் கண்ணால் அளந்து, “ஒரு முழம் இருக்கும்மா, இரு, நல்லாப் பாத்துச் சொல்றேன்” என்றார்.

“அப்பா.”

குரல் மாறியிருந்தது. கோபமில்லை. கத்தியை எடுத்துக்கொண்ட குழந்தையிடம், அது பயந்துவிடாமல் பேச வேண்டுமே என்று பேசுவோமே, அப்படி ஒரு குரல்.

“சொல்லும்மா.”

“கீழ இறங்கிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன். அது பக்கத்துல போயிடாதீங்கப்பா.”

“போகலம்மா” என்றார் அத்தான். “பாலத்து மேலதான் நிக்கறேன். மாமா கூட இருக்கான், கேட்டுக்கோ.”

போனை என்னிடம் கொடுத்தார். தண்ணீருக்கும் அவருக்கும் நடுவே ஓர் ஆள் உயரம் இருந்தது. அப்படியும் அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.